கிணற்று முறையில் உன் பெயர்

என் கனகுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. கம்பெனி மீட்டிங் முடிந்து மைக்கை அணைத்தால், நம் வீட்டில் என்னோடு பேச ஆளில்லை. நான் செய்த தப்பைக்கூட உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உன்னையும் சேர்த்து உன் பங்காளிகள் ஏழு பேருக்கும் பொதுவான கிணற்றுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஏழு பெயரையும் அரே என்கிற பட்டியலில் வரிசையாகப் போட்டிருந்தேன். பட்டியலில் எத்தனை பேர் என்று அதுவே எண்ணிக்கொள்ளும். ஆளுக்கொரு நாள் முறை வைத்து, காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டு, முறைக்காரருக்கு மெசேஜ் அனுப்பும். "சண்டையில்லாமத் தண்ணி பாய வச்சிட்டீகளே மச்சான்" என்றாய். காட்டு வேலை தெரியாத எனக்கு அது பெரிய பாராட்டு.

நீ போனபிறகு, உன் செவ்வாய்க்கிழமைகளில் உன் பெரியப்பாதான் முட்டி வலியோடு உன் வாழைக்கும் பாய்ச்சினார். போன வாரத்துக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தார். மழையில்லாததைப் பேசிவிட்டு, தயங்கித்தான் சொன்னார்.

"மாப்ள, நீங்க கம்ப்யூட்டரே கதின்னு இருக்குற ஆளு. புள்ள பேர எடுத்துட்டா, மத்தவுகளுக்கு ஒரு நாள் முந்தித் தண்ணி வரும்ல."

அவர் கேட்டதில் என்ன குற்றம்? ஒரு நாளாவது உன் வாழைக்கு நான் போய் நின்றேனா?

அன்றே உன் பெயரை டெலிட் போட்டேன். அந்தப் புரோகிராமை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அப்படிச் செய்தால் பெயர்தான் போகும். இடம் காலியாக அங்கேயே நிற்கும், எண்ணிக்கை குறையாது. பன்னிரண்டு வருஷமாக இதே வேலையில் இருப்பவன் நான். வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் இதற்காகவே சிடுசிடுத்திருக்கிறேன். அன்று மறந்துவிட்டேன். மறந்தேனா, தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை புரோகிராம் எண்ணிப் பார்த்து, ஏழு என்று மோட்டாரைப் போட்டுவிட்டது. மெசேஜ் போக ஆளில்லை, வாய்க்கால் திறக்கவும் ஆளில்லை. கிணற்றடித் தொட்டி நிரம்பி, இந்தக் கோடையில் மத்தியானம் வரை தண்ணீர் ஓடையில் போயிருக்கிறது. பெரியப்பா போனில் சத்தம் போடவில்லை. "கணக்குல புள்ள இன்னும் இருக்காளா மாப்ள?" என்றுதான் கேட்டார்.

ஒரே வரியில் திருத்திவிடலாம், ஆறு என்று ஆகிவிடும். கை வரவில்லை கனகு, உட்கார்ந்து அழுதேன். ஆறு என்று வந்தால் நீ இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. அதற்காக ஆறு பேர் தண்ணீரை ஓடையில் விடுவது எந்த ஊர் நியாயம்?

கடைசியில் அந்தக் காலியிடத்தில் என் பெயரையும் நம்பரையும் போட்டேன். இனி உன் முறைக்கு நானே பாய்ச்சுகிறேன் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். "காலைல வெள்ளன வாங்க, நான் அங்கன நிக்கிறேன்" என்றார்.

இன்று ஆறு மணிக்கு எனக்கு மெசேஜ் வந்தது. போனேன். மண்வெட்டியால் நாலு பாத்திக்கு மடை திருப்புவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வீட்டுக்கு வந்து யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை மீட்டிங் வைக்காதீர்கள் என்று கம்பெனியில் சொல்லிவிட்டேன். உன் வாழையில் ஒரு கன்றைக்கூட வாட விடமாட்டேன்.

உன் அத்தை மகன்