ராஜாகோட்டை எட்டிப் பார்க்கும் வாசல்

கூட்டுரோட்டில் சீத்தாப்பழம் வந்துவிட்டதடா. பஸ் திரும்புகிற இடத்தில் பெண்கள் கூடை கூடையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆபீஸ் விட்டு வரும்போது அந்த வாசனை ஹெல்மெட்டுக்குள் புகுந்துவிட்டது. போன வருடம் இதே சமயம் வண்டியை நிறுத்தி ஒரு பை நிறைய வாங்கிப் போய், "இது என் சிநேகிதன் ஊர்ப் பழம்" என்று மனைவியிடமும் மகளிடமும் பீற்றிக்கொண்டேன். இன்று நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னோடு சண்டை போட எனக்கு வேறு வழி இல்லை.

செஞ்சிக்குக் குடிவந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. மாற்றல் என்றதும் மனைவி, "வந்தவாசி கேளுங்க, உங்க அம்மாவுக்குப் பக்கமா இருக்கும்" என்றாள். நான் செஞ்சி கேட்டேன். கொரோனாவில் நீ போனபோது உன் முகத்தைக்கூடக் காட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாடு. எனக்கு அழ ஓர் இடம் வேண்டியிருந்தது. நீ வாய் ஓயாமல் பேசிய ஊரில் போய் இருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் அந்த ஒற்றை ஜன்னல் அறையில், ஒரு நாளாவது செஞ்சியைப் பற்றிப் பேசாமல் தூங்கியிருப்பாயா? கோயில் தெருவில் மச்சு வீடு. உங்கள் நைனாவுக்கு ரைஸ் மில். கொல்லை நிறைய சீத்தா மரம். "எங்க வாசல்ல நின்னு பல்லு வெளக்குனா, ராணிக்கோட்டை தோளுக்குப் பின்னால ராஜாகோட்டை தலைய மட்டும் நீட்டி எட்டிப் பாக்கும்டா" என்பாய். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு பை பழம் கொண்டுவருவாய். என்னை மட்டும் ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. அதற்கும் காரணம் வைத்திருந்தாய். "எங்க அம்மா பழைய காலத்து ஆளு. உன்ன ஒரு வார்த்த சொல்லிட்டா என்னால தாங்க முடியாது." அதைக் கேட்டு எனக்கு உன்மேல் மரியாதைதான் கூடியது. என்ன ஒரு முட்டாள் நான்.

ஏனென்றால் அதற்குள் நான் உன்னிடம் சொல்லியிருந்தேன். பக்கத்து அறைக்காரன் ஒருவன், உங்க ஊர்ல எந்தத் தெரு, எந்தத் தெரு என்று சாதியைத் தெரிந்துகொள்ள என்னைத் துருவிக்கொண்டே இருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். "நான் காலனிடா" என்றேன். சொல்லிவிட்டு உன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஈரத் துண்டை உதறிக்கொண்டே இருந்தேன். நீ சட்டையைக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினாய். அப்புறம், "இன்னா இப்போ? எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுடா. நீ எனக்குத் தம்பி மாதிரி" என்றாய். அன்று சாயங்காலம் பிரியாணி வாங்கிவந்து ஒரே தட்டில் கொட்டி, என்னோடு சேர்ந்து சாப்பிட்டாய்.

'நானும்தாண்டா' என்று சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அதோடு விட்டாயா? பொங்கலுக்கு என்னோடு செய்யாறு பக்கம் எங்கள் வீட்டுக்கும் வந்தாய். அம்மா என்னைத் தனியாக அழைத்து, "நம்மளப் பத்தி அந்தப் புள்ளைக்குத் தெரியுமாடா?" என்று கேட்டார். "எல்லாம் சொல்லிட்டேம்மா" என்றேன். அப்படியும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. நம் வீட்டுத் தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்று கடைக்கு ஓடி சோடாவும் பிஸ்கட்டும் வாங்கிவந்தார். நீ சோடாவைக் கையில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "சோறு இல்லியாம்மா?" என்றாய். கருவாட்டுக் குழம்பு ஊற்றி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாய். அம்மா பின்பக்கம் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "ஊர்த்தெருக்காரப் புள்ள நம்ம வூட்ல தரையில உக்காந்து சோறு துன்னுச்சி" என்று தெரு முழுக்கச் சொன்னார். உன் சாவுச் செய்தி வந்தபோது என்னைவிட அதிகமாக அழுதவர் அவர்தான்.

எங்கள் அம்மாவின் கண்ணீரை நீ வாங்கி வைத்துக்கொண்டாயே, அது உனக்குச் செரித்ததா?

செஞ்சிக்கு வந்த புதிதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஞாயிறு வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு உன் வீட்டைத் தேடிக் கிளம்பிவிடுவேன். உள்ளே போகும் எண்ணமில்லை. உன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்ப்பார் என்று நீதான் சொல்லியிருந்தாயே. அதனால் யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. தெருவில் நின்று அந்த வாசலை ஒரு தரம் பார்த்தால் போதும். எனக்கு இருந்த அடையாளம் மலைதான். கோயில் தெரு என்று எதைச் சொன்னாலும் போய் நின்று பார்த்தேன். எங்கும் இரண்டு கோட்டையும் தள்ளித் தள்ளித்தான் நின்றன. பஜாரிலிருந்து பார்த்தேன், திருவண்ணாமலை ரோட்டிலிருந்து பார்த்தேன், நெல் ஏலம் விடும் கமிட்டியில் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகூடப் பார்த்தேன். "நீங்க ஊரச் சுத்திப் பாக்குறீங்களா, மலைய அளக்குறீங்களா?" என்று மனைவி கேலி செய்வாள்.

அப்படி அலைந்ததில் ஊர் எனக்குப் பழகிவிட்டது. எந்தக் கடையில் டீ தூள் மாற்றிப் போடுகிறார்கள், எந்தச் சந்தில் மழை நின்று இரண்டு நாள் ஆனாலும் தண்ணீர் வடியாது, எல்லாம் தெரிந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு ராஜாகோட்டை உச்சி வரை ஏறினேன். மேலே நின்று, கீழே தெரியும் மச்சு வீடுகளில் எது உன்னுடையது என்று அவளுக்குக் காட்ட முயன்றேன். அவள் ஒன்றைக் காட்டி, "அதுவாப்பா?" என்றாள். "இருக்கும்" என்றேன்.

மாசியில் ஆபீஸ் வேலையாகச் சிங்கவரம் பக்கம் வேர்க்கடலை வயல் பார்க்கப் போயிருந்தேன். திரும்பும்போது குறுக்கு வழி என்று ஒரு மண்பாதையில் வண்டியை விட்டேன். ஒரு திருப்பத்தில் தலையைத் தூக்கியவன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். முன்னால் ராணிக்கோட்டை. அதன் தோளுக்குப் பின்னால் ராஜாகோட்டையின் தலை மட்டும். நீ சொன்னது அப்படியே. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். அரசாங்கத் தொகுப்பு வீடுகளின் வரிசை, நடுவில் ஒரு குழாய், கடைசியில் ஒரு சின்னக் கடை. இந்தத் தெருவை எந்த ஊரில் பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். நான் பிறந்ததே இப்படி ஒரு தெருவில்தான்.

கடையில் நின்றவரிடம் போனில் உன் படத்தைக் காட்டினேன். "இது நம்ம பழக்கார அக்கா புள்ளயாச்சே. பாவம், கொரோனாவுல பூட்டான்" என்றார்.

அவர் காட்டிய வீட்டிலிருந்து உன் அம்மா வெளியே வந்தார். பேரைச் சொன்னதும், "செய்யாத்துத் தம்பியா நீங்க?" என்று பதறிப்போய், நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார். உங்கள் நைனா மில்லில் மூட்டை தூக்கினவராம். கொல்லையில் மரம் கிடையாது. கோட்டை மலையில் பறித்துக் கூட்டுரோட்டில் விற்ற பழத்தில்தான் உனக்கு ஒரு பை எடுத்து வைப்பாராம். போன வருடம் நானே அவரிடம் வாங்கியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"உங்க வூட்ல உக்காந்து சோறு துன்னேன்னு சொல்லுவான் தம்பி. அவ்ளோ பெரிய எடம், நெலம் நீச்சு உள்ளவங்க, நம்மள மாதிரி ஆளுங்கள வித்தியாசம் பாக்கலன்னு சொல்லுவான். அத்தக் கேட்டு நான் அழுவேன். ஒரு தபா இட்டுக்கினு வாடான்னா, அவங்கல்லாம் எப்படிம்மா இங்க வருவாங்கன்னுவான்."

சொல்லிக்கொண்டே சுருக்குப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வந்து சோடாவை என் கையில் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து சிங்கவரம் பக்க வேலையை வேறொருவரிடம் தள்ளிவிட்டேன். மனைவியிடம் மட்டும் சொன்னேன். "செத்தவங்க மேல இன்னா கோவம், வுடுங்க" என்றாள். விட முடியவில்லை. நீ பக்கத்து அறைக்காரனிடம் மறைத்தாய், சரி. கம்பெனியில் மறைத்தாய், சரி. வாடகைக்கு வீடு தேடி மெட்ராஸில் தெருத்தெருவாக அலைந்தவன் நான், அது ஏன் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம். பெண் பார்க்கலாம் என்றால் சிரித்து மழுப்புவாயே, அதுகூட இப்போது புரிகிறது. ஆனால் என்னிடம் ஏன்? நான் உன்னை அண்ணாந்து பார்த்தது உனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்றா? உன் அம்மாவை என்னிடம் சாதி பார்க்கிறவராக்கினாய். அவரிடம் என்னைப் பெரிய இடத்துப் பிள்ளையாக்கினாய். இரண்டு பேரும் உனக்காக மாறி மாறி உருகினோம். துரோகம்தான் இது. வேறு பேர் வைக்க எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அம்மா செய்யாற்றிலிருந்து வந்தார். வந்ததும் வராததுமாக, "அந்தப் புள்ளயோட அம்மாவப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடறேன்டா" என்றார். அவரிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வெயில் என்றேன், வண்டி ரிப்பேர் என்றேன். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன்.

தெரு முனையில், "நிறுத்துடா" என்று இறங்கினார். வீடுகளைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். "இன்னாடா, நம்ம தெரு மாதிரியே இருக்குது" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா முன்னால் நடந்தார்.

எங்களைப் பார்த்ததும் உன் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "வாங்கம்மா, உக்காருங்க, தோ சோடா வாங்கியாறேன்" என்று சுருக்குப்பையை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சோடால்லாம் வேணாம்மா. நாங்களும் காலனிதான். சோறு இருந்தா போடு."

உன் அம்மா என் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது எம் புள்ளைக்குத் தெரியுமா தம்பி?"

மாசியிலிருந்து உன்னைத் திட்டச் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் தொண்டைக்கு வந்தது. 'தெரியும்' என்ற ஒரு சொல் போதும். உன் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதும்மா. நான் சொல்லவேயில்ல" என்றேன்.

அம்மா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பொங்கலன்று நான் சொன்னது அவருக்கு மறந்திருக்காது. தரையில் உட்கார்ந்தார்.

உன் அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா மொத நாளே உன்ன இட்டாந்திருப்பான் எம் புள்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எதிரே ராஜாகோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ உண்மையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

கிளம்பும்போது உன் அம்மா, "எங்கிட்ட வந்து மறைக்கிறியே, இன்னா புள்ள நீ" என்று என் முதுகில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். உனக்கு விழவேண்டியது அது. உன்னை நான் மன்னிக்கவில்லை. ஆனால் உன் அம்மா இருக்கும்வரை, மறைத்தவன் நான்தான்.