கையை எடுத்த பிறகு வந்த படம்

என் கண்ணு தேவகிக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் வீட்டுக்காரர்தான் இதை எழுதுகிறார். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் நீ சொன்ன ஒரு வார்த்தையையும் நான் தொலைக்கவில்லை.

நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. உப்பளத்தில் மறுபடி பாத்தி கட்டி, உப்பு வாரத் தொடங்கிவிட்டோம். உன் கேமரா மட்டும் துணியில் சுற்றியபடி பீரோவில் கிடந்தது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் புள்ளி புள்ளியாகப் படம் பிடிக்க ஆசைப்பட்டாயே, ஒவ்வொரு தடவையும் கிறுக்கலாக வந்ததே. அந்த ஒரு படத்தையாவது எடுத்து உன் போட்டோ பக்கத்தில் மாட்ட வேண்டும் என்று நானும் மாப்பிள்ளையும் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினோம்.

கடையில் ஆள் உயரத்துக்கு ஒரு டெலஸ்கோப் நின்றது. மாப்பிள்ளை அதை விட்டு நகரவில்லை.

"அவ பேருக்கு வாங்குறோம் மாமா. பெருசாவே வாங்கிடலாம்."

எனக்கும் மனசு அதில்தான் போனது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ சொன்னது காதில் கேட்டது. "ஆரம்பத்துக்கு டெலஸ்கோப் வேணாம்பா. இருக்கிற கேமரா போதும். வானத்த அகலமா புடிக்கிற லென்சு ஒண்ணு, ஆடாத ஸ்டாண்டு ஒண்ணு. மத்ததெல்லாம் அப்புறம்."

அந்த அப்புறம் உனக்கு ஏன் வரவில்லை?

ஸ்டாண்டைக் காட்டச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டேன். "உப்புக் காத்துல வெக்கிறது தம்பி. நல்ல தண்ணியில கழுவலாமா?"

"இது இன்னா சோத்துப் பானையா பெரியவரே?"

"உப்பளத்துக்குப் போனா எங்க காலையே கழுவாம வீட்டுக்குள்ள வெக்க மாட்டோம்பா."

அவர் சிரித்துவிட்டு, காலைத் தனித்தனியாகக் கழற்றிக் கழுவக்கூடிய ஒன்றை எடுத்து வந்தார். கனமானதுதான். அதையும் லென்சையும் வாங்கினோம்.

மறுநாள் பொழுது சாய்ந்து இருட்டியதும் வரப்பில் நிறுத்தினோம். கடல் காற்று வீசியது. சாய்ந்துவிடுமோ என்று ஸ்டாண்டின் காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். படம் முழுக்கக் கிறுக்கல்.

"நீங்க புடிக்கிறதாலதான் ஆடுது மாமா. கைய எடுங்க."

"வுட்டா சாஞ்சிடுமே மாப்ள."

உன் கையையும் அப்படித்தான் பிடித்திருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு நர்சம்மா வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அது உனக்குத் தெரிந்திருக்குமா?

பிறகு ஒரு சாக்கில் உப்பை வாரிப் போட்டு, ஸ்டாண்டின் நடுக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டேன். அழுத்தமாக ஊன்றி நின்றது. மாப்பிள்ளை டைமரை வைத்து, பட்டனை அமுக்கிவிட்டுத் தள்ளி வந்தார். நானும் கையை எடுத்தேன். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆறு புள்ளி வந்தது, கண்ணு. கீழே நம் உப்புக் குவியல் வெள்ளையாக. மாப்பிள்ளை துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

படத்தை உன் பக்கத்தில் மாட்டியாயிற்று. ஸ்டாண்டைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த பங்குனியிலும் அதே வரப்பில் நிறுத்துவோம். உப்புச் சாக்கை நான்தான் கட்டுவேன். கட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே கையை எடுத்துவிடுவேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னைப் பெற்ற
அப்பன்