அத்தா சொன்ன கீறல்

என் பிரியமுள்ள அத்தாவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமை தங்கச்சி ஜமீலாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை நத்தத்துக்காரர். நல்ல மனிதர், கொஞ்சம் அதிகம் பேசுகிறார். நீங்கள் இருந்திருந்தால் அவருக்குப் பேச இடமே கிடைத்திருக்காது.

கொடைக்கானல் துரை சீமைக்குக் கப்பலேறியபோது ஏலத்தில் எடுத்து வந்தீர்களே, பூ வெட்டிய இரண்டு கண்ணாடிக் கிளாஸ், அவற்றை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டோம். பொண்ணு மாப்பிள்ளைக்கு அவற்றில்தான் பால் கொடுக்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. ஆனால் படுக்கையில் கிடந்தபோது, "அதுல ஒரு கீறல் இருக்கு, பாத்துக்கம்மா" என்றீர்கள். எதில் என்று கேட்பதற்குள் கண்ணயர்ந்துவிட்டீர்கள், பிறகு விழிக்கவே இல்லை. நம் வீட்டில் பானை விரிந்தாலும் கீறல்தான், ஊசி இழுத்த கோடும் கீறல்தான். நீங்கள் எதைச் சொன்னீர்கள்?

ஒரு கிளாஸின் வயிற்றில் நீளமாக ஒரு கோடு. அம்மா பார்த்ததுமே அதை ஒதுக்கிவிட்டார்கள்.

"இம்புட்டு நீளம் ஓடியிருக்கு. சுடுபாலை ஊத்துனா மாப்பிள்ளை மடியிலயே தெறிச்சிரும். நல்லதை அவருக்குக் குடு. இவளுக்கு எவர்சில்வர் போதும்."

"அத்தா கிளாசு எனக்கு இல்லியா?" என்று ஜமீலா அழ ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கோ மனசு கேட்கவில்லை. கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் மாமாவிடம் லென்ஸ் வாங்கிவந்து, கோடு விழுந்ததை எடுத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். முதலில் அதன் மங்கல். நம் கிணற்று உப்பா, கண்ணாடியே அரித்துவிட்டதா? நனைத்தால் தெளிகிறது, காய்ந்தால் மறுபடி மங்குகிறது. புளித்த காடியில் ஊறப் போட்டேன், போய்விட்டது. உப்புதான்! பிறகு அந்தக் கோடு. நகத்தை ஓட்டினால் இடறியது. விரிசல் என்றால் வெயிலில் மின்னுமே, சாய்த்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் மின்னவில்லை. சுண்டினேன். ணங்கென்று வெகுநேரம் ஒலித்தது. மேலோடு உராய்ந்த கோடு, அவ்வளவுதான்.

கை சும்மா இருக்குமா? அம்மா நல்லது என்றதையும் சுண்டினேன். டொக் என்றது. திருப்பிப் பார்த்தால், அடியில் வெட்டியிருக்கும் பூவின் ஓர் இதழ் மட்டும் வெள்ளியாகப் பளிச்சிட்டது. நகம் எங்கும் இடறவில்லை. விரிசல் உள்ளுக்குள் இருக்கிறது அத்தா.

இதைத்தானே சொன்னீர்கள்? உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்களைத் தொடவிடாமல் வைத்துவிட்டு, நீங்கள் மட்டும் அதில் சுடச்சுட டீ ஊற்றிக் குடித்தீர்களோ?

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் இருக்கா?" என்று அம்மா திகைத்தார்கள். ஜமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு குடிச்சிட்டு மிச்சத்தை எனக்குக் குடுக்கட்டும்" என்றாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தார்கள். நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் கேட்டேன்.

பாலை நன்றாக ஆற்றித்தான் ஊற்றுவேன், கவலைப்படாதீர்கள். விரிந்ததைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். போட மாட்டேன். அதில் நீங்கள் வாய் வைத்திருப்பீர்களோ என்ற சந்தேகமே எனக்குப் போதும்.

உங்கள் மூத்த மகள்,
மைமூன்