வேட்புமனு நாள் வரைக்கும்

தேர்தல் இல்லாத இடத்தில் இருக்கும் என் அன்பு மச்சான் சூசைக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருடம். உன் ஆண்டுத் திருப்பலிக்கு நினைவு மலர் ஒன்று அடிக்கிறோம், நீயும் ஏதாவது சொல்லண்ணை என்று உன் பெண்சாதி திரேசா கேட்டாள். எனக்கு எழுத்து வராது என்று உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் தலைவாரி எழுதுவாளாம், ஆனால் ஒன்றையும் விடமாட்டாளாம்.

நீ முதலில் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். இல்லை மச்சான், இன்னும் ஒன்றும் தெளிவாகவில்லை. இலங்கையின் அடுத்த ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் காலம் கிடக்கிறது. ஆனால் கோயில் மண்டபத்தில் எங்கள் மேசையில் வேட்பாளர்கள் நிரம்பி வழிகிறார்கள். இருக்கிறவர்தான் திரும்பவும் வருவார் என்கிறார் உன் பார்க்கிங் ஊர் அந்தோனி. இல்லை, ஒரு பெரிய வீட்டுப் பிள்ளையை இறக்கப்போகிறார்கள் என்கிறார் கடைக்கார அருளப்பு. அந்தப் பதவியையே சட்டத்திலிருந்து எடுத்துவிடப் போகிறார்களாம் என்று ஒருவர் ஒரு கதை கொண்டுவந்தார். அன்றைக்கு மேசையில் செத்தவீட்டு அமைதி. பதவியே இல்லையென்றால் நாங்கள் எதைக் கதைப்பது?

இதை வாசிக்கிற எல்லோருக்கும் எங்கள் மேசையைத் தெரியாது, கொஞ்சம் சொல்லுங்கோ என்கிறாள் மகள். இங்கே இலண்டனில் மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை. பூசை முடிந்தால் மண்டபத்தில் தேத்தண்ணீர். மூலையில் கிடக்கும் நீட்டு மேசை வயதுபோன ஆம்பிளைகளுடையது. இலங்கையில் ஒரு தேர்தலின் முடிவு வந்ததும், அடுத்த பூசையன்றே அதற்கடுத்த தேர்தலின் வேலை அந்த மேசையில் தொடங்கிவிடும். எங்களில் ஒருவருக்கும் அங்கே வோட்டு இல்லை. அது எங்களை ஒருநாளும் தடுத்ததில்லை. எங்கள் தெருவுக்குக் கவுன்சிலர் யார் என்று கேட்டுப்பார், ஒருவருக்கும் தெரியாது.

அந்த மேசைக்கு நீதான் தலைவன். சுடுதண்ணிப் போத்தலை நடுவில் வைப்பாய், அது பதவியில் இருப்பவர். சீனிப் பேணி எதிர்க்கட்சிக்காரர். கரண்டிகள் சின்னக் கட்சிகள், இன்றைக்குப் போத்தலோடு நிற்கும், நாளைக்குப் பேணிக்குள் போய்விடும். எந்தக் கரண்டி எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று நீ சொல்லும்போது தேத்தண்ணீர் ஊற்ற வந்த பெண்களும் நின்று கேட்பார்கள். நீ சொன்னதில் பாதி சரியாக வந்தது. மற்றப் பாதியை நாங்கள் மறந்துவிட்டோம் என்று நீ நினைத்தாய். நான் மறக்கவில்லை. உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

போன தேர்தலின் முடிவு வந்து கொஞ்ச நாள்தான். அன்றைக்குத் தேத்தண்ணீரோடு கடிக்க மீன்பணிஸ் வந்திருந்தது. இலண்டனின் மறுகோடி நோர்பரியிலிருந்து உன் தம்பி மரியானும் வந்திருந்தான். அடுத்த முறையும் தமிழ்க் கட்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது வேட்பாளரை நிறுத்தவேண்டும் என்று அவன் சொன்னான். நீ ஒரு மீன்பணிஸை எடுத்துப் போத்தலுக்கும் பேணிக்கும் நடுவில் வைத்தாய். இதுதான் உன் ஆள் என்றாய். எங்கள் கட்சிகள் தங்களுக்குள் உடைந்து கிடக்கிறதையும், அடுத்த முறை ஒருவர் பெயரை மற்றவர் ஏற்கமாட்டார் என்பதையும், வோட்டுப் பிரிந்தால் யாருக்கு இலாபம் என்பதையும் அழகாகத்தான் சொன்னாய். மரியான் விடவில்லை. நீ அந்தப் பணிஸை எடுத்துக் கடித்தாய்.

"இந்தா, பொது வேட்பாளர் கட்டுக்காசும் இழந்திட்டார்."

மேசை முழுக்கச் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். மரியான் மட்டும் எழும்பினான்.

"அவர் வெல்லவேணும் எண்டு ஆர் அண்ணை கேட்டது? என்ரை பெடியன் எங்கை எண்டு மேடையிலை ஏறிக் கேக்க ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்."

உன் வாய்க்குள் பணிஸ் இருந்தது. விழுங்கிவிட்டு நீ ஏதாவது சொல்வதற்குள் அவன் கோட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அவன் மகன் அமல் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமல்போனவன். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சிரித்தோம், ஏனென்றால் மேசையில் கதைக்கும்போது அது வேறு, இது வேறு என்று நினைத்திருந்தோம். நீயும் நானும் எல்லாம் தொடங்கும்போதே இங்கே வந்துவிட்ட ஆட்கள். பெற்றோல் செட்டில் நின்றோம், வீடு வாங்கினோம், செய்தி கேட்டோம். மரியானும் பெண்சாதி றீற்றாவும் எல்லாம் முடிந்தபிறகு, ஒரு பிள்ளையை அங்கே தொலையக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். எங்களுக்குத் தேர்தல் என்பது யார் வருவார் என்பது. அவனுக்கு அது வேறு என்னவோ. அதைக் கேட்க எங்களுக்கு ஏன் நேரம் வரவில்லை?

உன் வீட்டுக் குசினியில் அதற்கடுத்த கிழமை நீ என்னிடம் சொன்னது சொல் பிசகாமல் எனக்குள் கிடக்கிறது. அவன் சொன்னதில் நியாயம் இருக்கு என்றாய். போனை எடுத்துப் பேசு என்றேன். திரேசாவும் சொன்னாள். நீ இல்லையென்று தலையை ஆட்டினாய்.

"இப்ப எடுத்தா நான் தோத்த மாதிரி. வேட்புமனு நாள் வரட்டும். லிஸ்டிலை அவன்ரை ஆள் இருக்காது, நீ எழுதி வை. அண்டைக்கு எடுத்து, தம்பி, நான் சொன்னனான்தானே எண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டு, பிறகு எல்லாத்தையும் கதைப்பன்."

எழுதி வை என்று எழுதத் தெரியாதவனிடம் சொன்னாய். நானும் பகிடியாக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். அந்த நாளுக்கு இன்னும் வருடங்கள் கிடக்கிறதே, அதுவரைக்கும் தம்பியோடு பேசாமல் இருக்கப்போகிறாயோ என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. யார் நிற்பார், யார் விழுவார் என்று ஐந்து வருடத்துக்கு முன்கூட்டியே பார்க்கிற உனக்கு, உன் நெஞ்சு அடுத்த பனிக்காலத்தைத் தாண்டாது என்று யாரும் சொல்லவில்லையே மச்சான்.

உன் அடக்கத்துக்கு மரியான் வந்தான். எல்லோரும் மண் போட்டு முடியும்வரை பின்னால் நின்றான். கடைசியாக வந்து ஒரு பிடி போட்டான். மண்டபத்துக்கு வரவில்லை. திரேசாவோடும் பேசவில்லை. அண்ணனும் தம்பியும் கோபத்தோடே பிரிந்துபோனார்கள் என்று அன்றைக்கு ஆட்கள் கதைத்தார்கள். அது அவன் காதுக்கும் போயிருக்கும்.

ஆண்டுத் திருப்பலிக்கு அவன் வராவிட்டால் எனக்கு அந்தப் பூசையே வேண்டாம் என்று போன மாதம் திரேசா சொல்லிவிட்டாள். போனில் கூப்பிட்டால் வரமாட்டான், நேரே போகவேண்டும், நீதான் போகவேண்டும் என்றாள். குட்மேய்ஸிலிருந்து நோர்பரிக்கு ரயில் மாறி மாறிப் போனேன். பெட்டிக்குள் சொல்லுகிற குரலைக் கேட்டுக் கேட்டு இறங்குவேன், பெயர்ப்பலகை எனக்குத் தேவையில்லை. வழி முழுக்க என்ன சொல்வது என்றுதான் யோசனை.

கதவைத் திறந்தவன் வாங்கோ அத்தான் என்றான். உள்ளே இருத்தினான். றீற்றா தேத்தண்ணீர் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அமலின் படம் சுவரில் இருந்தது, மாலை இல்லாமல். செத்தவனுக்குப் போடுவதை அதற்கு அவர்கள் போடுவதில்லை. அதைப் பார்த்ததும் நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. குசினியில் நீ சொன்னதை அப்படியே சொன்னேன். வேட்புமனு நாளன்று உனக்குப் போன் எடுக்கத்தான் அண்ணை காத்துக்கொண்டிருந்தவர் என்றேன்.

அவன் தன் தேத்தண்ணீரை மேசையில் வைத்தான்.

"நானும் அந்த லிஸ்டுக்குத்தான் அத்தான் காத்துக்கொண்டிருந்தனான்" என்றான். "எங்கட ஆள் அதிலை நிண்டா அண்ணைக்குப் போன் எடுக்கிறது, ஒண்டும் சொல்லாமல் சிரிக்கிறது எண்டு. அவருக்கு விளங்கும். பிறகு கதைச்சிருப்பம்."

நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாளுக்காகப் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். உன் போன் பார்க்கிங் வீட்டில், அவன் போன் நோர்பரியில். இதை எப்படி நான் உன்னிடம் சொல்வேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நித்திரை இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

பிறகு அவன் ஒன்று கேட்டான். இனி ஆரோடை அத்தான் நான் சண்டை பிடிக்கிறது என்றான். அண்ணை இப்ப இருந்தா என்ன சொல்லுவார் என்று அவனே திரும்பக் கேட்டான். அது எனக்குத் தெரியும் மச்சான். உன்னுடைய ஒவ்வொரு நியாயமும், நீ மூச்சு விடுகிற இடம் உட்பட, என் தலைக்குள் இருக்கிறது. கட்சிகள் உடைந்ததிலிருந்து தொடங்கினேன். அவன் மறுத்தான். ஒரே சீட்டில் ஒன்று, இரண்டு என்று வரிசையாகப் போடுகிற விருப்பு வாக்கைப் பற்றி நீ சொல்வதைச் சொன்னேன். முதலாவதை எங்கட ஆளுக்குப் போட்டுவிட்டு இரண்டாவதைத் தெற்கத்தியாருக்குப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று அவன் சத்தம் போட்டான். முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டி, இரண்டாவதை எண்ணிப் பார்க்கிற அளவுக்கு நிலைமை வராவிட்டால் என்ன செய்வாய் என்று நானும் உன் குரலில் சத்தம் போட்டேன். குசினியிலிருந்து றீற்றா ஓடிவந்தாள். நாங்கள் அடிபடுகிறோம் என்று நினைத்தாளாம். வாசலில் நின்று கொஞ்சநேரம் பார்த்தாள்.

"இந்த வீட்டிலை ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு நாள்" என்றாள். ஆறின தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ச் சுடச்சுட வேறு கொண்டுவந்தாள்.

அவர்கள் பூசைக்கு வருகிறார்கள். மன்றாட்டுகளில் ஒன்றை மரியான் சொல்வான். இறந்தவர்களுக்கான மன்றாட்டில் அமலின் பேரைச் சேர்க்கக்கூடாது என்றான், சரியென்றாள் திரேசா. காணாமல்போனவர்களுக்கென்று தனியாக ஒன்று, அதில் மகனின் பேரைப் பீடத்தடியில் நின்று அவனே சொல்வான். நடந்ததை எல்லாம் அச்சில் போடலாமோ என்றும் கேட்டேன். போடுங்கோ, அண்ணை போன் எடுக்க இருந்தவர் எண்டு எல்லாரும் அறியட்டும் என்றான்.

நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். பூசை இல்லாத ஞாயிறுகளில் மரியானுக்குப் போன் எடுப்பேன். ஏலும்போது நேரே போவேன். உன் பக்கத்தை நான் கதைப்பேன், ஒரு நியாயத்தையும் விட்டுக்கொடுக்காமல் கதைப்பேன், அவன் உன்னோடு சண்டை பிடிக்கட்டும். வேட்புமனு நாளுக்கு நான் உயிரோடு இருந்தால் அன்றைக்கு நோர்பரியில் இருப்பேன். லிஸ்டில் அவனுடைய ஆள் இருந்தால், அண்ணை தோற்றுவிட்டார் என்று உனக்காக நானே ஒத்துக்கொள்வேன், அவன் ஆசைப்பட்டபடி சிரிக்கட்டும். இல்லாமல், நீ சொன்னதே சரியாக வந்துவிட்டால், அண்ணை சொன்னவர்தானே என்பதை மட்டும் அவனிடம் நான் சொல்லமாட்டேன்.

உன் பெண்சாதிக்கு அண்ணனும், இனி உன் தம்பிக்கு உன் வாயுமான
உன் மச்சான்
பிலிப்பு
குட்மேய்ஸ், இலண்டன்