தள்ளாடாத எலி

அன்புள்ள அப்பா,

பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்கு வருவதாகவும், அவனைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைப் பலகையில் நடக்க ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பலகையை மறப்பேனா? நடுக்கோடை விழாவில் எல்லோரும் புல்லில் சாய்ந்து கிடக்க, நீங்கள் மட்டும் அதன்மேல் நேராக நடப்பீர்கள். "ஏம்பா ஆர்வோ, உன் காலுக்கு மட்டும் ஊத்தலையா?" என்பார் பக்கத்துவீட்டுத் தௌனோ மாமா. "அதுக்கு இன்னும் சேதி போகலடா. நீ ஊத்து கண்ணு" என்று கோப்பையை என் பக்கம் நீட்டுவீர்கள். எனக்கு அவ்வளவு பெருமை.

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் மாதம் ஒரு தப்புச் செய்தேன். எலிகளுக்கு மதுவை ஊசியில் ஏற்றியிருந்தோம். ஒன்று மட்டும் கம்பிமேல் நேராக நடந்தது. அதற்குப் போடாமல் விட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். காலையில் விறைத்துக் கிடந்தது. மூளைக்குள் மதுவைத் தள்ளாடவைக்கும் பொருளாக மாற்றுகிற ஒரு நொதி அதற்குக் குறைவாம். அதனால்தான் தள்ளாடவில்லை. ரத்தத்தில் என்னவோ மற்ற எலிகளுக்கு இருந்த அதே அளவுதான் இருந்திருக்கிறது.

அன்று முழுக்க உங்கள் நடைதான் நினைவில் ஓடியது. கடைசியாக நீங்கள் நேராக நடந்து வந்ததைப் பார்த்துத்தானே அம்மாவும் நம்பிக் காரில் ஏறினாள். அவள் வீடு திரும்பவில்லை.

ஞானஸ்நானம் வரை பெயரை வெளியே சொல்லாத நம் வழக்கப்படி, பிள்ளையின் பெயரை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. ஞாயிறன்று வாசலில் உங்கள் நடையைப் பார்க்கமாட்டேன், அப்பா. கிட்டே வந்து மூச்சை மோந்து பார்ப்பேன். காப்பி மணம் மட்டும் வந்தால் பிள்ளை உங்கள் கைக்கு வருவான். பெயரையும் முதலில் உங்கள் காதில்தான் சொல்வேன்.

உங்களுக்கு ஊற்றிக் கொடுத்த மகள்