முகம் வரும்போது நிற்கிற கை

குழித்துறை
1934 செப்டம்பர் 23, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஜான்ரோசுக்கு அம்மை ராகேல் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை பூங்கனியும் தேவகிருபையால் சுகமாயிருக்கிறோம், கொழும்பில் உன் உடம்பும் அப்படியே இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் உன் பேரைச் சொல்லி ஜெபிக்கிறோம். கன்னிப்பூ அறுப்பு தொடங்கிவிட்டது, அப்பா வயலிலிருந்து ஏறுவதே இல்லை, முழங்காலில் நீர் கோர்த்திருக்கிறது, திருவட்டாற்று வைத்தியர் தந்த எண்ணெயைத் தேய்க்கச் சொன்னால் நாளைக்கு என்கிறார். செவலைப் பசு கன்று போட்டது, கிடாரி. பூங்கனி கோயில் பாட்டுக்காரரோடு சேர்ந்து பாடுகிறாள், அவள் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது புகழ்ச்சியா குறையா என்று எனக்குத் தெரியவில்லை.

நீ ஆனி மாதம் போட்ட கடிதத்துக்கு இதுவரை பதில் எழுதாதது மறதியால் அல்ல மகனே. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நாடகக் கம்பெனிக்குக் காடும் கடலும் அரண்மனையும் படுதாவில் எழுதிக்கொண்டிருந்த நீ, முகம் எழுதவேண்டிய இடம் வந்தால் கை நின்றுபோகிறது என்றும், மூக்கு வரைக்கும் வந்து கண்ணுக்குப் போகும்போது விரல் மரத்துவிடுகிறது என்றும், முதலாளி இரண்டு தடவை பொறுத்துவிட்டு மூன்றாம் தடவை வேறு ஆளை வைத்துவிட்டார் என்றும், இப்போது படுதா இழுக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், இனித் தூரிகையைத் தொடப்போவதில்லை என்றும் எழுதியிருந்தாய். அப்பா சத்தமாக வாசித்தார், வாசித்து முடித்து என்னைப் பார்த்தார், நான் அடுப்பங்கரைக்கு எழுந்து போய்விட்டேன். காரணம் என்னவென்று நீ ஒரு வரியும் எழுதவில்லை. நீ எழுதாமல் விட்டதுதான் எனக்கு முதலில் தெரிந்தது.

ஆறு வருஷமாக நாம் இரண்டு பேரும் வாய் திறக்காத காரியத்தை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். உன் தம்பி ராஜையனை நீ மிஷன் பள்ளிக்கூடத்துக் கனத்த காகிதத்தில் கரியால் எழுதினாய், அவன் தேங்காய் உரித்த தொண்டு மடல் குவியலின்மேல் உட்கார்ந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கைத் தின்றுகொண்டு, "அண்ணா, எனக்க காது என்ன முறமா, கொஞ்சம் சின்னதாட்டு வையி" என்று உன்னை வேலைசெய்ய விடாமல் சிரிப்புக் காட்டினான். முடித்து நீ சுவரில் ஒட்டியபோது அடுத்த வீட்டுச் சொர்ணம்மாள் வந்து பார்த்து, "ஏட்டி ராகேலே, உசிரோட இருக்கவனை இப்பிடி அச்சாட்டு எழுதப்பிடாது, ஆயுசு கொறையும் கேட்டியா" என்றாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். வேதம் வாசிக்கிற வீட்டில் வந்து இந்த அஞ்ஞானத்தைப் பேசுகிறாளே என்று சிரித்தேன், உன் கையைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. பதினோராம் நாள் காலராவில் அவன் போனான். பதினாறு வயது. கல்லறையிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அந்தப் படம் என்னைப் பார்த்துச் சிரித்தது, அப்போதுதான் நான் உன்னைப் பார்த்து, "ஒனக்க கைதான்லே எனக்க பிள்ளையக் கொண்டு போச்சு, நீதான்லே அவனைக் காயிதத்துல எடுத்துப்போட்ட" என்று கத்தினேன். படத்தைப் பிய்த்து அடுப்பில் போட்டேன். நீ உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். மூன்று மாதத்தில் கொழும்புக்குக் கப்பல் ஏறினாய்.

அந்த மாதம் நம் ஊரில் பதினான்கு பேர் போனார்கள் மகனே. சொர்ணம்மாளின் மருமகளும் போனாள். அவர்கள் ஒருவரையும் நீ எழுதவில்லை. கிணற்றுத் தண்ணீர்தான் கெட்டிருந்தது, பிறகு துரைத்தனத்தார் வந்து மருந்து கலக்கினார்கள். இதையெல்லாம் உனக்கு எடுத்து எழுதிவிட்டால் கை இளகிவிடும் என்று முதல் கடிதத்தில் நினைத்தேன், பிறகு கிழித்தேன், ஏனென்றால் இது உனக்கும் அப்போதே தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்துகொண்டுதான் நான் அப்படிச் சொன்னேன். அப்பாவிடம் கேட்டேன், "நீ சொன்னதை நீயேதான் திரும்ப எடுக்கணும், எனக்க கையில ஒண்ணுமில்ல" என்றார். உபதேசியார் சத்தியநேசனிடம் போய் அழுதேன், அவர் முழங்கால்படியிட்டு நீளமாக ஜெபம்பண்ணி, "நீ மனந்திரும்பினாய், அது போதும்" என்றார். என் மனந்திரும்புதல் குழித்துறையில் இருக்கிறது, உன் கை கொழும்பில் இருக்கிறது, நடுவில் கடல் கிடக்கிறது, என்ன செய்ய?

ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் வாவுபலிக் கூட்டமும் சந்தையும் கூடியபோது நானும் பூங்கனியும் தென்னம்பிள்ளை வாங்கப் போனோம். அங்கே திருவனந்தபுரத்திலிருந்து ஒருவர் கூடாரம் அடித்து, முக்காலியில் பெட்டியை வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பூங்கனி, "அம்மைக்கு என்ன பிடிச்சுது" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர், "அம்மா, அனங்காம, அசையாம இரும், கண்ணைச் சிமிட்டாதேயும்" என்றார், எனக்கு நெஞ்சு அடித்த அடியில் நாற்காலியே ஆடியிருக்கும். உனக்குக் காட்டவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். படமாய்ப் போய்விட்டாலும் உன் அம்மை உயிரோடு இருக்கிறாள் என்று எழுதவேண்டும், அதற்கு நாள் கழியவேண்டும், அதனால்தான் இத்தனை தாமதம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் நாள் எண்ணினேன். பதினோராம் நாள் எனக்கு வயிறு வலித்தது. முந்தின நாள் சாளைமீன் கறியை அதிகமாகத் தின்றதுதான் காரணம், ஆனால் அன்றைக்குப் பாயில் சுருண்டு கிடந்து நான் பண்ணின ஜெபம் ஒன்றுதான், ஆண்டவரே, என்னை இப்போது எடுத்துவிடாதேயும், இப்போது எடுத்தால் எனக்க மகன் செத்தாலும் தூரிகையைத் தொடமாட்டான் என்று. மறுநாள் சரியாயிற்று. நாற்பது நாள் கழிந்து இன்னும் நாலு நாளும் கழிந்துவிட்டது, இன்றைக்குக் கோயில் விட்டு வந்து எழுதுகிறேன்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். போலீஸ் கச்சேரியில் கைதியைக் கொண்டுவந்து நிறுத்தினதுபோல இருக்கிறேன், பூங்கனி அதைப் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சிரித்தாள். ஆனால் இதுவும் உனக்குப் போதாது என்று நேற்று நெல் குத்திக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றிவிட்டது. அது பெட்டி எடுத்த படம், கை எழுதினது அல்ல என்று உன் மனது சொல்லும். நீ சின்னவனாக இருந்தபோது விரலில் முள் குத்தினால் ஊசியைக் காய்ச்சி எடுத்துவிடுவேன், இந்த முள்ளை நானே குத்தினேன், எடுக்கிற ஊசி என்னிடம் இல்லை.

இன்னொன்று சொல்லவேண்டும். ராஜையனின் முகம் எனக்கு மறந்துவிட்டது. அவன் நடை தெரிகிறது, சத்தம் தெரிகிறது, முழங்காலில் இருந்த தழும்பு தெரிகிறது, முகத்துக்கு வரும்போது வேறு யார் யாருடைய முகமோ வருகிறது. அப்பாவிடம் கேட்டால் அவன் அம்மையைப்போல இருப்பான் என்கிறார், சொர்ணம்மாள் அப்பாவைப்போல இருப்பான் என்கிறாள், பூங்கனிக்கு அப்போது ஏழு வயது, அவன் முதுகில் ஏறினது மட்டும்தான் தெரியும் என்கிறாள். இருந்த ஒரே படத்தை நான் எரித்தேன். இனி அந்த முகம் உன் ஒருவனிடம்தான் இருக்கிறது. உன்மேல் பாரம் சுமத்தவேண்டும் என்று இதை எழுதவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

எனக்குப் படம் எழுதுகிற வித்தை தெரியாது, அதனால் நான் சொல்கிற புத்தி பைத்தியக்காரத்தனமாக இருந்தால் விட்டுவிடு. முதலில் என்னை எழுதிப் பார். எவ்வளவு கோணலாக எழுதமுடியுமோ அவ்வளவு கோணலாக எழுது, மூக்கை வளைத்து வை, அடுப்புக்கரியால் தரையில் எழுதிவிட்டுக் காலால் அழித்துவிடு, யாருக்கும் காட்டாதே, முதலாளிக்கும் காட்டாதே. எனக்கு ஒன்றும் வராது. வந்தாலும் ஐம்பத்திரண்டு வயதில் வருவதற்கு உன் கை காரணமல்ல. கண் எழுத வரவில்லையென்றால் கண்ணை மூடினபடி எழுது, அம்மை ஜெபம்பண்ணுகிறாள் என்று வைத்துக்கொள். பிறகு எப்போதாவது மனது கூடினால், ராஜையனின் காதிலிருந்து தொடங்கு, அவனே கேலி பண்ணின காதுதானே, அதிலிருந்து எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு போதும்.

நான் அன்றைக்குச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் ஜான்ரோஸ். எடுத்தால் வருமா என்று தெரியவில்லை. உன் கை ஒருவரையும் கொண்டுபோகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நீ எழுதவேண்டாம், அது உனக்கு இன்னொரு பாடாய்ப் போகும்.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, அங்கே மழை தொடங்கினால் ஈரத் துணியோடு நிற்காதே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ, கயிறு இழுத்துக் கை தோல் உரிந்திருந்தால் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடு. அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், பூங்கனி முத்தம் சொல்லச் சொன்னாள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் விரல் ஒவ்வொன்றையும் தொட்டு எழுப்புவாராக. பதிலுக்குக் கடிதம் எழுதக்கூட முடியாத நாளாக இருந்தால், ஒரு வெறுங்காகிதத்தை மடித்து உறையில் போட்டு அனுப்பிவிடு. ஒன்றும் எழுதாததுதானே என்று நான் கேட்கமாட்டேன், உன் கை மடித்தது என்று வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன்.

உன் அம்மை,
யே. ராகேல்