பதினேழாம் நம்பர் மரங்கள்

6, திங்கள்

காலையில் சாரல், எட்டுக்குப் பிறகு வெயில். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டம், மூன்றாம் நாள். ஆய்வுக்கான கேள்வித்தாள் நாற்பதில் முப்பத்தொன்பது முடிந்தது. பாக்கி 17-ஆம் பிளாக்கில் பால் வெட்டும் தாசையன் மட்டும். கைடு வாட்ஸப்பில் உயிரை வாங்குகிறார்.

யாரைக் கேட்டாலும், "இப்பந்தான் அந்தப் பக்கம் போனாரு." பக்கத்து பிளாக்காரரும் அதே. டீக்கடைக்காரரும் அதே, அதே இழுவையில். போய்ப் பார்த்தால் மரங்களில் புது வெட்டு, சிரட்டையில் பால் சொட்டுகிறது. ஆள் இல்லை.

அட்டைக்கடி இரண்டு. உப்பு வாங்கணும்.

7, செவ்வாய்

தாசையன் வீட்டுக்கே போனேன். தோட்டம் கொடுத்த லைன் வீடு, ஒற்றை அறை. கொடியில் அவருடைய வேலைச் சட்டை, ரப்பர் பால் கறையோடு. ஈரம் சொட்டியது. "இப்பந்தான் குளிச்சிட்டு எறங்குனாரு" என்றார் மனைவி தங்கம் அக்கா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

வழியில் சங்கச் செயலாளர் ராஜம் அக்கா மறித்தார். "சொல்லுகேன். எழுதப்பிடாது." (எழுதுகிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்.)

மூன்று வாரம் முன்பு விறகுக்குக் காட்டுக்குள் போன தாசையன் திரும்பவில்லை. தேடியவர்களுக்கு ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது. தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயர் போகும், கூடவே வீடும். சூப்பர்வைசர் ஆளைத் தேடமாட்டார், வெட்டிய மரத்தைப் பார்த்து வருகை போடுவார். அதனால் ஆளுக்கொரு நாள் முறைவைத்து அவர் மரங்களையும் இவர்களே வெட்டுகிறார்கள். காணாமல் போனவர் வீட்டுக்கும் வாரிசு வேலை என்று புது ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும்வரை. நாளை வேலைநிறுத்தம் அதற்குத்தான்.

கூட்டுப் பேரம் பற்றி எவ்வளவு படித்திருப்பேன். இது எதிலும் இல்லை. பெருமையாக இருந்தது.

8, புதன்

நல்ல வெயில். விடியும் முன்பே முப்பத்தொன்பது பேரும் தோட்டத்து கேட்டில். நானும். யாரும் கத்தி எடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். "பதினேழுல வெட்டு நடந்திருக்கே. சிரட்டை நெறஞ்சு கெடக்கு."

ஓடினோம். எல்லா மரத்திலும் புது வெட்டு. இன்று யார் முறையும் இல்லை. ராஜம் அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

தங்கம் அக்கா வெட்டைத் தடவினார். "சாய்வு அவருக்கெ கை மாதிரிதான் இருக்கு. ஆனா இது அவரு இல்ல. ஸ்ட்ரைக் அண்ணைக்கு அவரு கத்தி தொடமாட்டாரு."

 

9, வியாழன்

மூடாப்பு. நாளை பேச்சுவார்த்தை.

தங்கம் அக்கா வீட்டில் இருந்தபோது சூப்பர்வைசர் பதிவேட்டோடு வந்தார். நேற்று தாசையன் மட்டும் வேலைக்கு வந்ததாகப் பதிவு. உங்கள் ஆளே வேலைநிறுத்தத்தை மதிக்கவில்லை என்று நாளை நிர்வாகத்தார் இதைத்தான் மேஜையில் போடுவார்கள். கோரிக்கை அதோடு சரி.

"அவரு எங்ககூட கேட்டுல இருந்தாரு" என்றார் அக்கா.

சூப்பர்வைசர் என்னிடம் திரும்பினார். "நீங்க வெளியாளு. பாத்தியளா?"

பயம். பல்கலைக்கழகம், கைடு எல்லாம் கண்ணில் வந்து போனது. "பாத்தேன். எனக்குப் பக்கத்துலதான் இருந்தாரு."

 சூப்பர்வைசர் அந்தப் பதிவை அடித்துவிட்டுப் போனார்.

"என்ன உடுத்திருந்தாரு, மக்கா?" தங்கம் அக்கா மெதுவாகத்தான் கேட்டார்.

நீலக் கைலி, இடது தோளில் கிழிந்த பனியன் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அவரை நான் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "காட்டுக்குப் போன அண்ணைக்கும் அதுதான் உடுத்திருந்தாரு. ஒனக்கிட்ட வேற ஏதும் சொன்னாரா?"